பனாமிக் வெந்நீர்ச் சுனை

வெந்நீர் ஊற்று என்றதும் வடநாட்டில் வாழும் நம்மவருக்கு முதலில் நினைவுக்கு வருவன பத்ரிநாதத்துத் தப்த குண்டமும், மணிகரணும், இராஜகிருகமும் ஆகும். விடுமுறை கிடைத்தால் ஊருக்குப் போவது, ஊருக்குப் போக முடியாத ஆண்டில் இவற்றுள் ஒன்றுக்குப் போவது என்பது டில்லித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். இவை யாவும் தலங்கள். நீரில் மூழ்கிய பின் தரிசிக்க ஒரு சந்நிதியும், கேட்க ஒரு தலபுராணமும் உண்டு. நாம் இங்குச் சொல்லப் புகுந்த சுனை அவ்வகையைச் சேர்ந்ததன்று. லடாக்கின் வடகோடியில், நுப்ராப் பள்ளத்தாக்கில், பனாமிக் என்னும் சிற்றூரின் மேற்புறத்து மலைச்சரிவில் அது சுரக்கிறது. அதற்குப் புகழ் தந்தது தெய்வமன்று; ஒரு வழி. அவ்வழி 1949-ஆம் ஆண்டோடு அடைபட்டுப் போயிற்று. சுனை மட்டும் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது.

லே நகரிலிருந்து பனாமிக் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவு. விடியற்காலையில் புறப்பட்டோம். நாற்பதாவது கிலோமீட்டரிலேயே கார்துங் லா என்னும் கணவாய் வந்துவிடுகிறது. அங்குள்ள பலகை நெடுங்காலம் 18,380 அடி என்று பறைசாற்றிக்கொண்டிருந்தது. உலகிலேயே உயரமான மோட்டார்ச் சாலை இதுவே என்றும் அது சொல்லிற்று. பின்னர் முறையாக அளந்தவர்கள் 17,582 அடி என்று கண்டார்கள். எண்ணூறு அடி குறைந்ததால் மூச்சுத் திணறல் குறைந்துவிடவில்லை என்பதை நாம் அனுபவத்தில் அறிந்தோம். கால் மணி நேரத்துக்கு மேல் அங்கே நிற்க வேண்டாம் என்று ஓட்டுநர் எச்சரித்தார். நாம் பத்து நிமிஷத்திலேயே வண்டியில் ஏறிக்கொண்டோம்.

கணவாய்க்கு அப்பால் சாலை சுருள் சுருளாக இறங்கிக் கார்துங் கிராமத்தையும் கல்சாரையும் கடந்து ஷ்யோக் ஆற்றங்கரையை அடைகிறது. ஆண்டு முழுவதிலும் சில அங்குல மழையே பெய்யும் பிரதேசம் இது. மலைகள் மஞ்சளும் செம்மையும் ஊதாவுமாக வெறும் பாறையாய் நிற்கின்றன. ஆற்றுப் படுகையிலோ வெண்மணல். குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் வகுத்தாரே, அவ்விலக்கணம் வெயிலை நோக்கிச் சொன்னது. பனிக்கும் அது பொருந்தும் என்பதை இங்கு வந்தபின் உணர்ந்தோம். பன்னிரண்டு மாதமும் பனி மூடிய சிகரங்களின் அடியில் ஒட்டகம் மேயும் மணல்மேட்டைக் காண்பது கண்ணுக்குப் பழக்கமில்லாத காட்சி.

ஆனால் திரித் என்னுமிடத்தில் பாலத்தைக் கடந்து நுப்ரா ஆற்றின் இடக்கரையில் ஏறியதும் நிலம் மாறுகிறது. மலையிலிருந்து ஓடைகள் இறங்கும் இடந்தோறும் ஒரு சிற்றூர். ஊரைச் சுற்றி நெட்டிலிங்கம்போல் நிமிர்ந்த பாப்ளார் மரங்களும், தலை வெட்டப்பட்டுக் குடைபோல் கிளைத்த வில்லோ மரங்களும். ஆற்றோரத்தில் மைல் கணக்கில் நீண்டு கிடக்கிறது ஒரு முட்காடு. இலை சாம்பல் நிறம். முள் விரல் நீளம். இலையுதிர் காலத்தில் கிளையே தெரியாதபடி ஆரஞ்சு நிறப் பழம். இதை லடாக்கியர் செர்மாங் என்பர். இதன் பழத்திலிருந்து புளிப்பான சாறு எடுக்கும் முறையை லேயிலுள்ள இராணுவ ஆய்வுக்கூடத்தார் வகுத்தபின் இதற்கு மதிப்பு உயர்ந்தது. அதற்கு முன் இது வேலிக்கும் விறகுக்குமே பயன்பட்டது. முட்காட்டின் ஊடே காட்டு ரோஜாவும் உண்டு. சியா என்பது அதன் பெயர். இந்த ஆற்றின் தலைமாட்டில் கிடக்கும் மாபெரும் பனியாற்றுக்குச் சியாச்சென், அதாவது ரோஜாக்கள் நிறைந்த இடம், என்ற பெயர் வந்ததும் இச்செடியால்தான். செய்தித்தாளில் அப்பெயரைப் படிக்கும்போது நம்மில் எத்தனை பேருக்கு ரோஜா நினைவு வருகிறது?

சுமூர், தேகர் ஆகிய ஊர்களைத் தாண்டிப் பனாமிக்கை அடைந்தபோது உச்சிப்பொழுது. கடல்மட்டத்திலிருந்து பத்தாயிரம் அடிக்குச் சற்று மேலான இடம். சாலையிலிருந்து பார்த்தால் சுனை தெரியாது. சரிவின்மீது வெள்ளையும் துருநிறமுமான ஒரு தழும்பு தெரியும். நீர் வழிந்து வழிந்து உப்பும் சுண்ணமும் படிந்த தடம் அது. அருகில் சென்றால் கந்தக வாடை. பாறையின் வெடிப்பிலிருந்து வெளிவரும்போதே நீர் 75 பாகை சென்டிகிரேடை ஒட்டிய வெம்மையோடு வருகிறது. கையை வைக்க இயலாது. ஆகவே அதைக் குழாய்களிலும் சிறு கால்வாய்களிலும் கீழே கொண்டுவந்து, ஆறவிட்டு, தொட்டிகளில் நிரப்புகிறார்கள். குளிப்பதற்கு அறைகள் கட்டியிருக்கிறார்கள். மூட்டுவலிக்காரர்கள் அயலூர்களிலிருந்து வந்து சில நாள் தங்கிக் குளித்துச் செல்வதுண்டு. லடாக்கி மொழியில் இத்தகைய ஊற்றுக்குச் சூ-சான் என்று பெயர். சூ என்றால் நீர். சான் என்றால் வெம்மை. நம் 'வெந்நீர்' என்ற சொல்லை அப்படியே புரட்டிப் போட்டதுபோல் இருக்கிறது.

எரிமலை ஏதும் இல்லாத இடத்தில் நீர் ஏன் கொதிக்கிறது என்று கேட்கலாம். காரகோரம் மலைத்தொடரை ஒட்டிப் பூமியின் மேலோட்டில் ஓர் ஆழ்ந்த பிளவு ஓடுகிறது. நுப்ராப் பள்ளத்தாக்கே அப்பிளவின் வழியாக அமைந்ததுதான். மலைமீது உருகும் பனிநீரில் ஒரு பங்கு அப்பிளவில் இறங்கி, ஆழத்தின் வெப்பத்தில் காய்ந்து, வேறொரு வெடிப்பின் வழியே மேலே திரும்பி வருகிறது. பனியாக இறங்கிய நீரே கொதிநீராக ஏறுகிறது.

இங்கே ஒரு மயக்கத்தையும் நீக்கிவிட வேண்டும். லடாக்கில் 'ஹாட் ஸ்பிரிங்ஸ்' என்றே பெயர் பெற்ற இடம் வேறு. அது கிழக்கே சாங்சென்மோ பள்ளத்தாக்கில் உள்ளது. 1959 அக்டோபர் 21-ஆம் நாள் சீனப் படையினர் சுட்டதில் நம் காவலர் பதின்மர் உயிர் நீத்தது அங்கேதான். ஆண்டுதோறும் அந்நாளைக் காவலர் நினைவு நாளாக நாடு முழுவதும் கொண்டாடி வருகிறோம். பனாமிக்கின் கதை அதனினும் பழையது; பெரும்பகுதி ஆயுதமில்லாத கதை.

பனாமிக்குக்கு முக்கியத்துவம் தந்தது லேயிலிருந்து யார்க்கந்து நகருக்குச் சென்ற பெருவழி. அவ்வழியில் கார்துங் லாவைத் தாண்டி வந்த வணிகக் கூட்டத்துக்கு இந்தியப் பக்கத்தில் கடைசியாகக் கிடைத்த ஊர்களுள் இது ஒன்று. இதற்கு மேல் சாசேர் லா, 17,700 அடிக்கு மேற்பட்டது, பனியாற்றின் மீதே நடந்து கடக்க வேண்டியது. அதன்பின் முர்கோ, தெப்சாங் மேட்டுவெளி, தௌலத் பேக் ஓல்டி, 18,176 அடி உயரமுள்ள காரகோரம் கணவாய். அப்பாலும் மலைகள். யார்க்கந்து சேர ஒரு மாதத்துக்குக் குறையாது. இடையில் பல நாள் ஊர் இல்லை, மரம் இல்லை, புல் இல்லை. பூர்ச்சே என்னும் குறுஞ்செடியின் வேரைத் தோண்டியெடுத்தால்தான் அடுப்பு எரியும்.

பழந்தமிழில் வணிகக் கூட்டத்துக்குச் சாத்து என்று பெயர். சாத்து செல்லும் வழியில் உப்பும் மிளகும் ஏற்றிய கழுதைகள் நடந்ததைச் சங்கப் புலவர் பாடியிருக்கின்றனர். யார்க்கந்துச் சாத்துகளில் நடந்தவை குதிரைகள். சாசேர் ஏறுமுன் அவற்றைப் பனாமிக்கிலும் அதனை அடுத்த ஊர்களிலும் நிறுத்தி, நாம் குதிரை மசால் என்று சொல்லும் தீவனத்தை வயிறாரத் தின்னக் கொடுத்துத் தேற்றினார்கள். இவ்வூரார் பார்லியோடு குதிரை மசாலையும் பயிரிட்டு விற்றார்கள். முட்காட்டு விறகும் இங்கேயே கட்டப்பட்டது. ஆகவே இந்தச் சுனையையும் இந்தக் காட்டையும் வேறு வேறாக எண்ணுவதற்கில்லை. ஒன்று மனிதனுக்குச் சூடு. மற்றொன்று அவன் அடுப்புக்குச் சூடு. வயலில் விளைந்தது அவன் குதிரைக்கு உயிர். நம் ஊர்ப் பெருவழிகளில் சுமைதாங்கியும் சாவடியும் தண்ணீர்ப்பந்தலும் எதற்காக இருந்தனவோ, அத்தனைக்கும் ஈடாக இங்கு இந்த ஊர் ஒன்றே இருந்தது.

சரித்திர ஆசிரியர்கள் இவ்வழியைப் பற்றி எழுதும்போது கணவாய்களையும் உடன்படிக்கைகளையும் சொல்வார்கள். நமக்கோ, சுனைக்கரையில் உட்கார்ந்து பார்த்தால், இவ்வழியில் நடந்தவர்களை இரண்டே கூட்டமாகப் பிரிக்கத் தோன்றுகிறது: இறங்கி வந்தவர்கள், இறங்கி வராதவர்கள்.

இறங்கி வராதவர்களுள் பெயர் தெரிந்த பழையவர் ஓர் அரசர். காஷ்கர், யார்க்கந்துப் பகுதிகளை ஆண்ட சுல்தான் சயீத் கான் 1532-ஆம் ஆண்டில் தம் தளபதி மிர்ஸா ஹைதரை முன்னே அனுப்பிவிட்டுத் தாமும் நுப்ரா வழியாக லடாக்கின்மீது படையெடுத்தார். வரும் வழியிலேயே மலைநோய் அவரை வாட்டிற்று. மறு ஆண்டு திரும்பிச் செல்கையில் கணவாய்களுக்கிடையே இறந்தார். தௌலத் பேக் ஓல்டி என்றால் பெருஞ்செல்வர் இறந்த இடம் என்று பொருள். அப்பெயர் அவரைக் குறிப்பதே என்பது வழிவழி வந்த செய்தி. தமக்கு நேர்ந்ததையும் கண்டதையும் மிர்ஸா ஹைதர் பிற்காலத்தில் 'தாரீக்-இ-ரஷீதி' என்ற நூலாக எழுதினார். பின்னர் அவரே காஷ்மீரத்தை ஆண்டார் என்பது தனிக் கதை.

அடுத்து நாம் நினைக்க வேண்டியவர் மீர் இஸ்ஸத்துல்லா. பீகாரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணையை நடத்திவந்த வில்லியம் மூர்கிராப்ட், நல்ல ஜாதிக் குதிரை தேடி மத்திய ஆசியா செல்லும் ஆசையால், 1812-இல் இவரை முன்னோடியாக அனுப்பினார். இஸ்ஸத்துல்லா லே வழியாகக் காரகோரம் கடந்து யார்க்கந்து சென்று, புகாரா வரை போய், உயிரோடு திரும்பி, வழி முழுவதையும் எழுதிக் கொடுத்தார். அவரை அனுப்பிய மூர்கிராப்ட்டோ 1820-இல் லே வந்து, யார்க்கந்து செல்லச் சீன அதிகாரிகளின் அனுமதிக்காக இரண்டாண்டு காத்திருந்தும் பயனில்லை. வேறு வழியாகப் புகாரா சென்று 1825-இல் ஆப்கானியப் பகுதியில் மாண்டார். வெள்ளைக்காரரின் பெயரே நூல்களில் முதன்மையாக நிற்கிறது. நடந்து முடித்தவர் இஸ்ஸத்துல்லாதான்.

1848-இல் தாமஸ் தாம்ஸன் என்னும் மருத்துவர் நுப்ரா வழியாகச் சாசேர் ஏறிக் காரகோரம் கணவாய் வரை சென்று மீண்டார். தாவர நூலில் வல்லவர் ஆகையால், மற்றவர்கள் பள்ளத்தாக்கைத் தாண்டிச் செல்லும் இடமாகக் கண்டிருக்க, இவர் மரத்தையும் செடியையும் பார்த்து நடந்தார்.

1870-ஆம் ஆண்டில் காஷ்மீர மன்னர் ரண்பீர் சிங்குக்கும் ஆங்கில அரசாங்கத்துக்கும் ஏற்பட்ட வர்த்தக உடன்படிக்கை இவ்வழியை எல்லார்க்கும் எக்காலத்துக்கும் உரிய பொதுவழியாக அறிவித்தது. லேயில் இரு தரப்புக் கமிஷனர்கள் அமர்ந்தனர். வழியில் தானியச் சேமிப்பிடங்கள் ஏற்பட்டன. இந்தியாவிலிருந்து பருத்தித் துணி, சாயம், பவளம், நறுமணப் பொருள்கள், தேயிலை ஆகியவை ஏறின. அங்கிருந்து பட்டும் கம்பளமும், நமதா என்னும் கம்பளி விரிப்பும், வெள்ளிக் கட்டியும், சரஸ் என்னும் கஞ்சாப் பிசினும் இறங்கின. சரஸுக்குச் சுங்கம் வாங்கி அக்காலத்து அரசாங்கம் நன்றாகவே வருவாய் பார்த்தது என்பதை அடிக்குறிப்பில் ஒளித்துவைக்க வேண்டியதில்லை. பஞ்சாபின் ஹோஷியார்பூர் வணிகர்கள் யார்க்கந்தில் கடை வைத்து வாழ்ந்தார்கள். பிழைப்புக்காகப் பிறமொழி நாட்டில் குடியேறி, வீட்டில் மட்டும் தாய்மொழி பேசிய அவர்களை நாம் எளிதாகப் புரிந்துகொள்கிறோம்.

எக்காலத்துக்கும் உரிய பொதுவழி என்றார்களே, அதன் பாரத்தைச் சுமந்தவர் யார்? லடாக்கில் ரெஸ் என்றொரு முறை இருந்தது. அதிகாரிகளும் அனுமதிச் சீட்டுப் பெற்ற பிரயாணிகளும் வரும்போது ஊரார் முறைவைத்துக் குதிரையும் ஆளும் கொடுத்தே தீரவேண்டும். வழியை ஒட்டிய ஊர்களுக்கு அந்த முறை அடிக்கடி வந்தது. வணிகர் தந்த கூலியால் நுப்ரா பிழைத்ததும் உண்மை. இந்தக் கட்டாயத்தால் நொந்ததும் உண்மை. சாசேர் சரிவு முழுவதும் குதிரை எலும்புகள் வழிகாட்டிக் கற்கள்போல் வரிசையாகக் கிடந்தன என்று அக்காலப் பிரயாணிகள் பலரும் எழுதினார்கள். அந்தக் குதிரைகளில் எத்தனை இந்த ஊர்களின் தொழுவங்களிலிருந்து புறப்பட்டவை என்று அவர்கள் கணக்கெடுக்கவில்லை.

இனி, இறங்கி வராத ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அவருக்கும் தமிழ் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பெயர் பெர்டினான்ட் ஸ்டோலிஸ்கா. மொரேவியா நாட்டில் பிறந்து, இந்திய நிலவியல் துறையில் பணியாற்றியவர். அரியலூர், திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் கரிசல் மண்ணுக்கடியில் சிப்பிகளும் நத்தைகளும் கல்லாய்ச் சமைந்து கிடப்பதை அவ்வூர்ப் பக்கத்து அன்பர்கள் அறிவார்கள். ஒரு காலத்தில் அங்குக் கடல் இருந்ததற்கு அவையே சான்று. அவற்றை வகைவகையாகப் பிரித்துப் பெயரிட்டுப் படத்தோடு பெருந்தொகுதிகளாக வெளியிட்டவர் இவர்தான். இன்றும் அத்துறையில் ஆராய்வோர் அந்நூலைப் புரட்டாமல் நகர முடியாது. அப்பணி முடிந்த கையோடு 1873-இல் பார்ஸைத் தலைமை தாங்கிய தூதுக் குழுவோடு யார்க்கந்து சென்றார். திரும்பி வரும்போது காரகோரம் கணவாயைத் தாண்டிவிட்டார். தெப்சாங் மேட்டுவெளியையும் தாண்டிவிட்டார். 1874 ஜூன் 19-ஆம் நாள் முர்கோவில், சாசேருக்கு அந்தப் பக்கம், மலைநோயால் உயிர் துறந்தார். வயது 36. இன்னும் ஒரு கணவாய் இறங்கியிருந்தால் பனாமிக். அவருடைய நினைவுக் கல் லேயில் இருக்கிறது. அரியலூரில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் இட்டால் தகும் என்று எண்ணினோம்.

1888-இல் ஸ்காட்லாந்து வணிகர் ஆண்ட்ரூ டால்கிளீஷ் காரகோரம் கணவாயருகே கொலையுண்டார். கொலைஞனைத் தேடிச் சென்ற பௌவர் என்னும் இராணுவ அதிகாரி 1890-இல் கூச்சா நகரில் பூர்ஜபத்திரச் சுவடி ஒன்றை விலைக்கு வாங்கினார். பழைய வடமொழி மருத்துவ நூல் அது. மத்திய ஆசிய மணலுக்குள் இந்தியச் சுவடிகள் புதைந்து கிடக்கின்றன என்று உலகம் விழித்துக்கொண்டது அச்சுவடியைக் கண்டபின்தான். அவ்விழிப்பின் பயனாக அங்கு அகழ்ந்தவர்களுள் தலைசிறந்தவர் ஆரல் ஸ்டைன். 1908 செப்டம்பரில் குன்லுன் மலைமீது படம் எடுக்க நின்றபோது பனி அவருடைய வலக்கால் விரல்களைத் தின்றுவிட்டது. நடக்க இயலாத அவரை டோலிபோல் கட்டித் தூக்கிக்கொண்டு காரகோரத்தையும் சாசேரையும் கடந்து இறங்கினார்கள். சாசேர்ப் பனியின்மீது தூக்கி வந்தவர்கள் லடாக்கியர். இறங்கியபின் முதலில் வரும் ஊர் பனாமிக். லேயில் இருந்த மொரேவியப் பாதிரி மருத்துவர் அக்டோபரில் விரல்களை அகற்றினார். ஸ்டைன் பிழைத்தார், பின்னும் பல பெருநூல்கள் எழுதினார். தூக்கி வந்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

அப்படிப்பட்டவர்களுள் தம் கதையைத் தாமே சொன்னவர் ஒருவர் உண்டு. லேயைச் சேர்ந்த குலாம் ரசூல் கல்வான், குதிரைக்காரப் பையனாகத் தொடங்கிச் சாத்துத் தலைவராக உயர்ந்தவர். தாம் கற்ற உடைந்த ஆங்கிலத்திலேயே எழுதிய வரலாறு 1923-இல் வெளிவந்தது. அவர் பெயரைத் தாங்கிய ஆற்றங்கரையில் 2020 ஜூனில் நடந்ததை நாம் எல்லாரும் அறிவோம். அந்த ஆற்றின் பெயர் ஒரு குதிரைக்காரரின் பெயர் என்பதைச் சிலரே அறிவர்.

சுனைக்குக் கீழே, குளியலறைச் சுவரோரத்து வெயிலில், எண்பது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் ஜபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். "ஜூலே, மேமே" என்று வணங்கினோம். மேமே என்றால் தாத்தா. நம்முடைய டில்லி ஹிந்தியும் அவருடைய இராணுவ ஹிந்தியும் ஒருவாறு ஒத்துப்போயின. அவர் தகப்பனார் யார்க்கந்து வரை குதிரை ஓட்டியவராம்.

"மேமே, போகும்போது உங்கள் அப்பா இங்கே குளித்துவிட்டுத்தான் போவாரா?" என்று கேட்டோம்.

பெரியவர் சிரித்தார். "போகும்போது குளிக்கக் கூடாது என்பார் அப்பா. வெந்நீர் உடம்பைத் தளர்த்திவிடும்; மேலே குளிர் பிடித்துக்கொள்ளும். திரும்பி வந்தபின் குளி என்பார். அவர் திரும்பி வந்தால் முதலில் வீட்டுக்கு வரமாட்டார். குதிரையை அவிழ்த்து விட்டுவிட்டு நேரே இங்கே வருவார். அம்மா மாற்றுடையை இங்கேதான் கொண்டுவருவாள்."

கடைசியாக அவர் எப்போது சென்றார் என்று கேட்டோம். ஆண்டு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "சண்டைக்கு முன்" என்றார்.

சண்டை 1948-இல் இப்பள்ளத்தாக்குக்கே வந்தது. வடமேற்கிலிருந்து படையெடுத்தவர்களைத் தடுக்க ஊர் இளைஞர்கள் நுப்ராக் காவற்படை என்று ஒன்று திரட்டினார்கள். சுமூரைச் சேர்ந்த செவாங் ரிஞ்சென் அதில் சேர்ந்தபோது வயது பதினேழு. மகாவீர் சக்கரம் பெற்றவர்களுள் மிக இளையவர் அவரே. 1971-இல் அதே விருதை இரண்டாம் முறையும் பெற்றார். 1949-இல் சின்கியாங் சீனக் கம்யூனிஸ்டு ஆட்சிக்குள் வந்தது. யார்க்கந்து வழி அடைபட்டது. அந்தப் பக்கம் இருந்த ஹோஷியார்பூர்க் கடைகள் மூடப்பட்டன. இந்தப் பக்கம் தங்கிவிட்ட இரட்டைத் திமில் ஒட்டகங்கள் போக வழியின்றி நுப்ராவிலேயே பெருகின. இன்று ஹுந்தர் மணல்மேட்டில் சுற்றுலா வருவோரைச் சுமப்பவை அவற்றின் வழித்தோன்றல்களே. குதிரை மசால் வயல்கள் சுருங்கின. வாங்குவதற்கு யாரும் வரவில்லை.

முப்பத்தைந்து ஆண்டு இச்சிற்றூர் வழியின் முடிவாகக் கிடந்தது. 1984 ஏப்ரல் 13-இல் நம் இராணுவம் சியாச்சென் மேட்டில் ஏறியதும், பனாமிக் மீண்டும் ஏறுபவர்களின் ஊராயிற்று. பனியாற்றின் அடியிலுள்ள முகாமுக்குப் போகும் சாலை இவ்வூர் வழியாகவே செல்கிறது. 1994 முதல் சுற்றுலாப் பிரயாணிகளும் வரத் தொடங்கினார்கள். குளியலறைகளுக்கு வண்ணம் பூசப்பட்டது. ஆனால் இச்சாலையில் மிகுதியாகச் செல்பவை இன்றும் இராணுவ லாரிகளே. 2016 பிப்ரவரி 3-ஆம் நாள் பனிச்சரிவில் புதையுண்ட மதராஸ் ரெஜிமெண்டு வீரர் பதின்மரில் நால்வர் தமிழ்நாட்டவர். அவர்கள் மேலே சென்றதும் இவ்வழியேதான்.

மாலை நான்கு மணிக்கு நாமும் குளித்தோம். தொட்டி நீர் முதலில் சுட்டது. பிறகு எலும்பு வரை இறங்கிற்று. கூரையின் இடைவெளியில், ஆற்றுக்கு அப்பால் என்சா மடாலத்தின் வெண்சுவர் தெரிந்தது. கார்துங் லாவில் பிடித்த தலைவலி அதுவரை விட்டிருக்கவில்லை, இங்கே விட்டது. வெளியே வந்து முட்காட்டின் ஓரத்துத் தேநீர்க்கடையில் உட்கார்ந்தோம். நாம் பேசிய தமிழைக் கேட்டு, பக்கத்தில் நின்ற லாரியிலிருந்து ஓர் இளைஞர் குதித்து ஓடி வந்தார்.

"அண்ணா, தமிழா நீங்க?"

தேனிப் பக்கத்து ஊர். கல்யாணமாகி எட்டு மாதம். ஊரில் மழை பெய்ததா என்று கேட்டார். டில்லியிலிருந்து வருகிறோம் என்று சொன்னதும் தாமே சிரித்துக்கொண்டார். தம்பி ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கட்டும் என்று வற்புறுத்தினோம். நின்றபடியே குடித்தார். வண்டி புறப்பட ஐந்து நிமிஷம் இருந்தது. மேலே இத்தனை மாதம் இருக்கப்போகிறீர்களே, வெந்நீர்ச் சுனையில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் போகலாகாதா என்று நம்முள் ஒருவர் கேட்டார்.

"இப்ப வேண்டாம் அண்ணா. இறங்கி வரும்போது குளிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கோப்பையைக் கடைக்காரரிடம் கொடுத்து, லாரியில் ஏறிக்கொண்டார்.